இடைநிற்க ஓர் இடம்

ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டது என்று சொல்லும் அதிகாரம் அந்தப் பிள்ளைக்கும் கிடையாது, பெற்றவர்களுக்கும் கிடையாது. அதை முறைப்படி ஓர் அலுவலகம்தான் சொல்ல வேண்டும். வேங்கிக்காலில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் அப்படி ஓர் அலுவலகம் இயங்கிவந்தது. 'இடைநிற்றல் முன்தடுப்பு மற்றும் மாற்றுக் கற்றல் ஆதரவுப் பிரிவு' என்பது அதன் பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போனதால் 'ஆதரவுப் பிரிவு' என்ற கடைசித் துண்டு மட்டும் பக்கத்து மருந்துக்கடையின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. ஆதரவு தேடி வந்தவர்களில் பாதிப் பேர் மருந்துக்கடைக்குள் நுழைந்து இருமல் மருந்தோடு திரும்பினார்கள். பலன் கிடைத்தவர்கள் என்று பார்த்தால் அவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் ராஜேந்திரன். கடமை தவறாதவர். கை சுத்தம். கண்ணால் கண்டதையும் காகிதத்தில் இருந்தால்தான் நம்புவார்.

அவர் கையில் ஒரு திங்கட்கிழமை காலை அபிநயாவின் பெயர் வந்து சேர்ந்தது.

அபிநயா பத்தாம் வகுப்பு. கீழ்பென்னாத்தூரை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் படித்தாள். அவள் ஊர் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே. அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மா வள்ளி அரை ஏக்கர் மணிலாக் கடலையையும் ஒரு பசுவையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தாள். அபிநயாவுக்குக் கணக்கு என்றால் உயிர். அவளுடைய ஊருக்குக் காலை எட்டு பத்துக்கு ஒரு பஸ் இருந்தது. சித்ரா பௌர்ணமியன்று அதைக் கிரிவலச் சிறப்புப் பேருந்தாக மாற்றித் திருவண்ணாமலைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அது ஊருக்குத் திரும்பவில்லை. இன்னும் மலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது ஊரில் பரவலான கருத்து. அடுத்த பஸ் ஒன்பதரைக்கு. அதில் ஏறினால் பள்ளிக்கு வந்து சேர ஒன்பதே முக்கால் தாண்டிவிடும்.

அந்த வருடம் வருகைப் பதிவுக்கு ஒரு செயலி வந்திருந்தது. அது சரியாக ஒன்பதரைக்கு மூடிக்கொள்ளும். ஒன்பதரைக்கு இல்லாதவர்கள் அன்று முழுவதும் இல்லை. அபிநயா தினமும் வந்தாள், முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள், மாலை கடைசி மணி வரைக்கும் இருந்தாள். செயலியைப் பொறுத்தவரை ஜூன் மாதத்திலிருந்து அவள் பள்ளிக்கூடப் பக்கமே தலைகாட்டவில்லை. முப்பதாவது நாள் செயலி அவள் பெயரைப் பள்ளிப் பட்டியலிலிருந்து எடுத்து, தானாகவே ராஜேந்திரனின் பட்டியலில் வைத்துவிட்டது.

ராஜேந்திரன் அன்றே ஜீப்பில் கிளம்பிப் பள்ளிக்கு வந்தார். கணக்கு வாத்தியார் மணிவேல்தான் அப்போது பொறுப்புத் தலைமையாசிரியர். இருவரும் பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தார்கள். ராஜேந்திரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார்.

"இந்த வகுப்புல அபிநயானு ஒரு பொண்ணு. முப்பது நாளா வரல. அவளப் பத்தி யாருக்காவது தெரியுமா?"

முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள். "உள்ளேன் ஐயா."

"உன்னக் கேக்கலம்மா. அபிநயாவக் கேக்கறேன்."

"நான்தான் சார் அபிநயா."

ராஜேந்திரன் காகிதத்தைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

"நீ வராத பொண்ணு. எப்படி உள்ளேன்னு சொல்ற?"

"தெனம் வரேன் சார். பஸ்ஸு லேட்டு."

"சார், இந்தச் செயலிய பத்து மணி வரைக்கும் தொறந்து வைக்கச் சொல்லுங்க, போதும்" என்றார் மணிவேல். "இல்லன்னா அந்த பஸ்ஸ திருப்பி விடச் சொல்லுங்க."

"செயலி மேலிடம். பஸ்ஸு வேற துறை" என்று ராஜேந்திரன் மிகவும் வருத்தத்தோடு சொன்னார். "எங்க பிரிவால நேரத்தையும் குடுக்க முடியாது, பஸ்ஸையும் குடுக்க முடியாது. ஆதரவு மட்டுந்தான் குடுக்க முடியும்."

அவர் கொடுக்கவும் ஆரம்பித்தார். ஆதரவின் முதல் கட்டம், ஏழாம் எண் படிவம். இடைநின்ற மாணவரை அவருடைய இல்லத்தில் சந்தித்து, பள்ளிக்கு வரும்படி மனமாற்றம் செய்து, அதைப் புகைப்படம் எடுத்து ஏற்ற வேண்டும். இல்லத்தில் எடுத்த படம்தான் செல்லும். அபிநயாவோ பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஆகவே அவளை வகுப்பிலிருந்து எழுப்பி, ஜீப்பில் ஏற்றி, ஊருக்குக் கொண்டுபோனார்கள். அன்று மணிவேல் இருபடிச் சமன்பாடு ஆரம்பித்திருந்தார். வாசல் வரை திரும்பித் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே அவள் போனாள். ஜூன் மாதத்திலிருந்து அவள் உண்மையிலேயே தவறவிட்ட முதல் வகுப்பு அதுதான்.

வள்ளி மணிலாக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். ஜீப்பிலிருந்து மகள் இறங்குவதைப் பார்த்ததும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அய்யய்யோ, இன்னா ஆச்சு? ஸ்கூலுக்குப் போன பொண்ண ஏன் சார் இட்டுனு வந்துட்டீங்க?"

"ஸ்கூலுக்கு அனுப்புங்கனு சொல்றதுக்கும்மா."

"அனுப்பிதானே வச்சேன்!"

"எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்வாங்க" என்று ராஜேந்திரன் பரிவோடு சொல்லிவிட்டு, அபிநயாவை மாட்டுக்கொட்டகை ஓரமாக நிறுத்தினார். "பாப்பா, மொதல்ல மனமாற்றம் ஆவாத மாதிரி நில்லு. கொஞ்சம் மொகத்த தொங்கப் போடு. ஆங், அப்படித்தான். இப்ப ஆன மாதிரி சிரி."

அபிநயா சிரிக்கவில்லை. "சார், இப்பக் கெளம்பினா மூணாவது பீரியடுக்காவது போயிடலாமா?" என்று கேட்டாள். ராஜேந்திரன் நெகிழ்ந்துபோனார். படிவத்தில் 'ஐந்தே நிமிடத்தில் மனமாற்றம்' என்று எழுதிக்கொண்டார். ஆனால் ஜீப் அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

"நான் எட்டாவதுல நின்னப்ப ஒரு நாயும் வந்து ஏன்னு கேக்கல" என்றாள் வள்ளி, ஜீப் கிளப்பிய புழுதியைப் பார்த்து. "இவ நிக்கவே இல்ல, வூடு தேடி ஜீப்பு வருது."

இரண்டாம் கட்டம் மாற்றுக் கற்றல். இடைநிற்கும் அபாயத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விடுவித்து, ஒரு மாற்றுக் கற்றல் மையத்தில் சேர்த்து, கற்றலில் ஆர்வம் ஊட்டி, பிறகு பள்ளிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பள்ளியை விட்டுப் போய்விடாமல் தடுப்பதற்காகப் பள்ளியை விட்டு எடுப்பது என்று இதை மணிவேல் புரிந்துகொண்டார். ராஜேந்திரன் அவர் புரிந்துகொண்டது சரிதான் என்றார்.

மையம் ரமணாசிரமம் பகுதியில், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது. பெயர் 'வெறுமை'. நடத்தியவர் சுரேஷ்குமார். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தவர். ஒருநாள் கிரிவலம் வந்தபோது குபேர லிங்கத்துக்கும் ஈசான்ய லிங்கத்துக்கும் நடுவில் அவருக்குக் கல்வி என்பதே வன்முறை என்று தோன்றிவிட்டது. வேலையை விட்டார். கதர் ஜிப்பா போட்டுக்கொண்டார். தன் ஒரே மகள் ஆர்த்தியைப் பள்ளிக்கூடத்தின் நிழல்கூடப் படாமல் வளர்த்தார். அவளுக்கு இப்போது பதினைந்து வயது. அபிநயாவுக்கும் அதே வயது. ஒருநாள்கூடப் பள்ளிக்குப் போகாத ஆர்த்தியின் பெயர் ராஜேந்திரனின் எந்தப் பட்டியலிலும் இல்லை.

"சார், உங்க பொண்ணும் ஸ்கூலுக்குப் போகலையே, அது இடைநிற்றல் இல்லையா?" என்று மணிவேல் ஒருமுறை அவரிடமே கேட்டுவிட்டார்.

"ஆர்த்தி சுதந்திரக் கற்றல்ல இருக்கா" என்றார் சுரேஷ்குமார் புன்னகையோடு. ராஜேந்திரனும் தலையாட்டினார். கான்கிரீட் வீட்டில் இருந்துகொண்டு பள்ளிக்குப் போகாவிட்டால் சுதந்திரம், ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு போகாவிட்டால் இடைநிற்றல் என்பது அந்தப் பிரிவில் எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை.

அபிநயா முதல் நாள் மையத்துக்குப் போனபோது தரையெங்கும் மெத்தைகள் கிடந்தன. நடுவில் ஒரு வெண்கலக் கிண்ணம். அதை ஒரு கட்டையால் உரசினால் ஙொய்ங் என்று சத்தம் வரும். சத்தம் நிற்கும் வரை எல்லாரும் கண்ணை மூடியிருக்க வேண்டும். அது முதல் பீரியட். இரண்டாம் பீரியடில் மறுபடியும் உரசுவார்கள்.

"சார், புக்கு எப்ப குடுப்பீங்க?" என்றாள் அபிநயா.

"இங்க புக்கு இல்லம்மா. நீதான் புக்கு."

"இருபடிச் சமன்பாடு பாதில நிக்குது சார். சூத்திரம் மட்டும் எழுதிக்கிட்டேன். எப்படி வந்துச்சுனு சொல்லித்தருவீங்களா?"

"எக்ஸோட மதிப்பத் தேடுறியே, உன்னோட மதிப்பத் தேடினியா?"

அபிநயா யோசித்தாள். "பரீட்சைல எக்ஸைத்தான் சார் கேப்பாங்க."

சுரேஷ்குமார் கண்ணை மூடி ஆழமாக மூச்சு விட்டார். பிறகு அவளுடைய கோப்பில் 'பள்ளியால் கடுமையாகக் காயப்பட்ட குழந்தை' என்று எழுதினார்.

மையத்தில் இன்னொரு வசதி இருந்தது. பிள்ளைகள் வராமல் போய்விடக் கூடாது என்பதற்காகப் பிரிவு ஒரு வேன் கொடுத்திருந்தது. ஓட்டுநர் மூர்த்தி காலை ஏழே முக்காலுக்கு அபிநயாவின் ஊருக்கு வருவார். அந்த வழியில் ஏறுவது அவள் ஒருத்திதான். ஊரிலிருந்து திருவண்ணாமலைக்குக் கீழ்பென்னாத்தூர் வழியாகத்தான் போக வேண்டும். எட்டு மணிக்கு அந்த வேன் அவளுடைய பள்ளிக்கூட வாசலைத் தாண்டும். மணிவேல் கேட் அருகே நின்றிருப்பார். அபிநயா ஜன்னல் வழியாக வணக்கம் சொல்லுவாள். அவரும் வணக்கம் சொல்லுவார். வேன் போய்விடும்.

மூன்றாவது நாள் அபிநயா அழுதுவிட்டாள். "அண்ணா, என்னை இங்கயே எறக்கி விட்டுடுங்கண்ணா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இந்த வேன் மட்டும் போதும்."

"எனக்கும் புரியுது பாப்பா" என்றார் மூர்த்தி. "ஆனா இது ஸ்கூலுக்குப் போவாத பசங்களுக்கான வண்டி. ஸ்கூலுக்குப் போற பசங்கள ஏத்தினா என் வேல போயிடும்."

முதல் வாரம் அப்படியே போயிற்று. எட்டாவது நாள் அபிநயா அழவில்லை. கேள்வி கேட்டாள்.

"அண்ணா, வண்டி வழில ரிப்பேரானா இன்னா பண்ணுவீங்க?"

"ஓரமா நிப்பாட்டி ஆபீசுக்குச் சொல்லணும். சரியாவுற வரைக்கும் பிள்ளைங்கள எறக்கிப் பாதுகாப்பான எடத்துல ஒக்கார வைக்கணும். எழுதியே குடுத்திருக்காங்க."

வேன் அப்போது பள்ளிக்கூட வாசலை நெருங்கிக்கொண்டிருந்தது.

"அது பாதுகாப்பான எடந்தானேண்ணா?"

மூர்த்தி பள்ளியைப் பார்த்தார். சுற்றுச்சுவர் இருந்தது. கேட் இருந்தது. பாதுகாப்பில்லை என்று எப்படிச் சொல்வது? மறுநாளிலிருந்து அந்த வேன் தினமும் காலை எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் பழுதாகும். மூர்த்தி அவளை இறக்கிவிட்டு, முறைப்படி அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, டவுன் பிள்ளைகளை ஏற்ற அதே வண்டியில் போய்விடுவார். காகிதத்தில் அது மாலை நாலரைக்குத் தானாகச் சரியாகிவிடும். நூறு நாள் தொடர்ந்து ஒரே இடத்தில் ஒரே நேரத்துக்குப் பழுதாகும் வண்டியைப் பற்றி வேங்கிக்காலில் யாரும் சந்தேகப்படவில்லை. அலுவலகத்தின் மற்ற வண்டிகள் அந்த அளவுக்குக்கூட ஓடவில்லை.

இப்படியாக அபிநயா பள்ளிக்கே முதல் ஆளாக வந்து சேரும் மாணவியானாள். ஆனால் செயலியில் அவள் பெயர் இல்லாததால் வந்ததாகவும் போட முடியாது, வராததாகவும் போட முடியாது. "பரவால்ல, நீ ஒக்காரு" என்றார் மணிவேல். பேர் இல்லாமல் அவள் உட்கார்ந்தாள்.

மையத்தில் அவள் இல்லாதது தெரியவே இல்லை. சுரேஷ்குமார் வருகைப் பதிவேட்டை நம்புகிறவர் அல்ல. கண்ணை மூடி, யார் யார் இருக்கிறார்கள் என்று உணர்வார். அபிநயாவின் இருப்பு அவருக்குத் தினமும் வலுவாகவே உணரப்பட்டது. நூறு சதவீதம் என்று ஏற்றிவிடுவார். ஒரே ஒருநாள் மட்டும் வேங்கிக்காலிலிருந்து ஓர் எழுத்தர் நேரில் வந்து பெயர் கூப்பிட்டார். "அபிநயா!"

"உள்ளேன் ஐயா!" என்று துள்ளி எழுந்தவள் ஆர்த்தி.

எழுத்தர் போன பிறகு, மற்ற பிள்ளைகளை அழைத்துப்போக வந்திருந்த மூர்த்தி அவளைத் தனியாகக் கேட்டார். "ஏம்மா, ஒங்களுக்கு ஏன் இந்த வேல?"

"எனக்கு அப்படிச் சொல்லணும்னு ரொம்ப நாளா ஆச அண்ணா" என்றாள் ஆர்த்தி. "என் பேர யாரும் லிஸ்ட்ல வச்சுக் கூப்பிட்டதே இல்ல. வீட்ல ஒரு பெல்லு கெடையாது, ஒரு டெஸ்டு கெடையாது. எதப் பண்ணாலும் அப்பா அழகுனு சொல்லிடுவார். தப்புனு ஒரு தடவையாவது யாராவது சொல்ல மாட்டாங்களானு இருக்கு." பிறகு கேட்டாள். "அந்த அபிநயாவோட கணக்கு நோட்டு கெடைக்குமா?"

நோட்டு கிடைத்தது. மாலை வண்டி 'சரியான' பிறகு அபிநயா அன்றைய பாடத்தை மூர்த்தியிடம் கொடுத்துவிடுவாள். காலையில் அது ஆர்த்தியின் மெத்தைக்கு அடியில் போய்ச் சேரும். மற்றவர்கள் கண்ணை மூடி ஙொய்ங் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஆர்த்தி ஒரு கண்ணைத் திறந்து காரணிப்படுத்துவாள். போட்ட கணக்கு திரும்பி வரும்போது அபிநயா சிவப்பு மையில் பெரிதாகத் 'தப்பு' என்று எழுதி அனுப்புவாள். முதல் 'தப்பு' வந்த அன்று ஆர்த்தி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூங்கினாள்.

தொல்லை பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் நேரத்தில் வந்தது. பள்ளிப் பட்டியலில் அபிநயா இல்லை. மணிவேல் வேங்கிக்காலுக்கு ஓடினார்.

"சார், அந்தப் பொண்ணத் திருப்பி அனுப்பிடுங்க. அவ தெனமும் எட்டு மணிக்கே வந்து என் கிளாஸ்ல ஒக்காந்திருக்கா."

ராஜேந்திரன் கோப்பைப் புரட்டினார். "எப்படி சார் இருக்க முடியும்? எங்க மையத்துல நூறு சதவீதம் வருகை. மாவட்டத்துலயே இந்தப் பொண்ணுதான் ஜாஸ்தி."

"உடம்பு எங்கிட்ட இருக்கு சார்!"

"உடம்பு உங்ககிட்ட இருக்கலாம். பேரு எங்ககிட்ட இருக்கு. ஹால் டிக்கெட் பேருக்குத்தான் சார் தருவாங்க, உடம்புக்குத் தர மாட்டாங்க."

"அப்ப பேரைத் திருப்பிக் குடுங்க."

"குடுக்கணும்னுதான் எனக்கும் ஆச. ஆனா பள்ளிக்கூடத்து மேல ஆர்வம் வந்தாதான் திருப்பி அனுப்பணும்னு விதி. மையத்துல அறிக்கை கேட்டேன்." அவர் ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். "'இக்குழந்தை கடந்த நூறு நாட்களாகப் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. முழு அமைதி அடைந்துவிட்டாள்.' இப்படிப்பட்ட பொண்ண எப்படி சார் உங்ககிட்ட அனுப்பறது?"

மணிவேல் பள்ளிக்குத் திரும்பினார். அன்று மாலை வள்ளியை வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னார். வள்ளி எழுந்துவிட்டாள். "எம் பொண்ணு பத்தாவது எழுத முடியாதா சார்? நான் போய் அந்த ஆபீஸ் படியிலயே படுத்துக்கறேன்" என்றாள். அபிநயா மட்டும் அமைதியாக இருந்தாள். மையத்துக்குப் போகாமலே அவளுக்கு அந்த அமைதி வந்திருந்தது. "சார், ஸ்கூலுக்கே போவாதவங்க பரீட்ச எழுத ஒரு வழி இருக்கும்ல?" என்று கேட்டாள்.

இருந்தது. தனித்தேர்வர் விண்ணப்பம். கடைசித் தேதிக்கு இரண்டு நாள்தான் மிச்சம். 'பள்ளியில் பயிலவில்லை' என்ற இடத்தில் அபிநயா கையெழுத்துப் போடும்போது மணிவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூர்த்தி இரண்டாவதாக ஒரு விண்ணப்பமும் கொண்டுவந்திருந்தார். அது ஆர்த்தியுடையது. வீட்டில் அப்பா மும்முரமாகக் கண்மூடியிருந்த நேரத்தில் கையெழுத்துப் போட்டது அவளுடைய அம்மா.

தேர்வு நாட்களில் ஆர்த்தி தன் அப்பாவிடம், "தினமும் மூணு மணி நேரம் மௌனமா ஒரு எடத்துல ஒக்காரப் போறேன்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் பொய் எதுவும் இல்லை. சுரேஷ்குமார் கண்கலங்கி ஆசீர்வதித்தார்.

முடிவு வந்தது. அபிநயா நானூற்று அறுபத்தொன்று. கணக்கில் நூறு. ஆர்த்தி முந்நூற்று எண்பத்தெட்டு. வள்ளி மாட்டுக்கொட்டகையில் நின்றபடியே புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பெங்களூரில் ஒரு சாரத்தின் மேல் நின்றிருந்த அபிநயாவின் அப்பா போனில் கேட்ட செய்தியைக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் கத்திச் சொன்னார்.

சுரேஷ்குமாருக்குத்தான் பெரிய அடி. தன் மகள் திருட்டுத்தனமாகப் படித்திருக்கிறாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அன்று பகல் முழுக்கக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அவருக்குத் தெளிவு பிறந்தது. அதற்கு அடுத்த நாள் பெரிய தெருவிலிருந்து செங்கம் ரோடு வரை பேனர்கள் நின்றன.

'பள்ளிக்குப் போகாமலே 461! பாடமே நடத்தாமல் 388! வெறுமையின் சாதனை!'

பேனரில் அபிநயாவின் படம் இருந்தது. மாட்டுக்கொட்டகை ஓரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்ற அதே படம். ஆதரவுப் பிரிவுக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மணிவேலுக்கும் ஒரு கடிதம் வந்தது. இவ்வளவு திறமையான மாணவியைப் பள்ளியை விட்டு நிற்கவிட்டது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். 'அவள் தினமும் வந்தாள்' என்று மணிவேல் ஒரே வரி எழுதி அனுப்பினார். விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை என்று பதில் வந்தது.

அபிநயா திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் பதினொன்றாம் வகுப்பு சேரப் போனாள். சேர்க்கை மேசையில் இருந்த டீச்சர் அவளைப் பேனரில் பார்த்திருந்தார். "ஸ்கூலே புடிக்காத பொண்ணாச்சே நீ, இங்க ஒத்து வருவியா?" என்று கவலையோடு கேட்டுவிட்டு, கணிதப் பிரிவில் இடம் கொடுத்தார். அரசு விடுதி கிடைத்தது. விடுதியிலிருந்து பள்ளிக்கு ஐந்து நிமிட நடை. அடுத்த வாரம் ஆர்த்தியும் வந்து சேர்ந்தாள். வீட்டில் நான்கு நாள் சாப்பிடாமல் இருந்து வாங்கிய அனுமதி அது. ஞாயிற்றுக்கிழமையும் அவள் சீருடையைக் கழற்றவில்லை என்று கேள்வி.

பிள்ளைகள் கதை அதோடு முடிந்தது. பெரியவர்கள் கதை அங்கேதான் ஆரம்பித்தது.

பள்ளிக்குப் போனால் முந்நூறு, போகாவிட்டால் நானூற்று அறுபத்தொன்று என்ற கணக்கு ஊருக்குள் ஒரே வாரத்தில் பரவியது. வேன் உண்டு, மெத்தை உண்டு, வீடு தேடி ஜீப் வரும். லட்சக்கணக்கில் கொட்டித் தனியார் பள்ளியில் படிக்கவைத்தவர்கள் எல்லாம் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். ஆதரவுப் பிரிவில் மொத்தம் நாற்பது இடங்கள். வருகை நாற்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். அம்மாக்கள் பள்ளி வாசலில் நின்று, "டீச்சர், எம் பையனுக்கு ஒரு பத்து ஆப்செண்டாவது போடுங்க டீச்சர்" என்று கெஞ்சினார்கள். டவுனில் இடைநிற்றல் தகுதிக்கென்றே ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கினார்கள். ஆறு மாதப் பயிற்சி. அதற்கு ஒருநாள்கூட மட்டம் போடக் கூடாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். விண்ணப்பம் கொடுக்கும் அன்று வேங்கிக்காலில் அந்த மாடிப்படியில் தொடங்கி, மருந்துக்கடையைத் தாண்டி, மெயின் ரோடு வரை வரிசை நின்றது. அதில்தான் நானும் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் மணிவேல். தன் மகளுக்காக வந்திருந்தார். நான்கு மணி நேரம் நகராத வரிசையில் இந்தக் கதை முழுவதையும் சொன்னவர் அவர்தான்.

"உண்ம இதுதான்னு உங்களுக்கே தெரியும். அப்புறமும் ஏன் சார் வரிசைல நிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"உண்ம எனக்குத் தெரியும்" என்றார் மணிவேல் தலையைக் குனிந்துகொண்டு. "ஆனா என் பொண்ணோட கிளாஸ்ல இருக்கற எல்லாரும் போட்டுட்டாங்களே சார்."

அவருடைய விண்ணப்பத்தைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். பிறகு நான் ஜன்னலுக்குப் போனேன். ராஜேந்திரன் களைத்துப்போயிருந்தார்.

"பொண்ணோட வருகை எவ்வளவு?"

"தொண்ணூத்தாறு சார்" என்றேன் மெதுவாக.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "தொண்ணூத்தாறு! இத்தன வருஷமா இன்னா சார் பண்ணிட்டிருந்தீங்க? பெத்த பொண்ணு எங்க போறா, எங்க வரானு ஒரு அப்பனா கவனிக்க வேணாமா?"

"தப்புதான் சார்."

"மூணு மாசம் டைம் இருக்கு. அதுக்குள்ள பழக்கத்த மாத்துங்க. இன்னைக்கே ஆரம்பிங்க."

அங்கேயே வீட்டுக்குப் போன் செய்தேன். கூட்டத்தின் சத்தத்தில் காது கேட்காததால் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"பாப்பா எங்க?"

"எங்க இருப்பா?" என்றாள் என் மனைவி. "வேணாம்னு எவ்வளவோ சொன்னேன், கேக்காம ஸ்கூலுக்குப் போயிட்டா."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது.